குழாயை வெட்டும் இடம்

வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருக்கிறேன். எவ்வளவு நேரமாகப் படுத்திருக்கிறேன் என்று தெரியவில்லை. பக்கத்து லேத் பட்டறையில் மிஷின் ஓட ஆரம்பித்தபோது உள்ளே நகர்ந்தேன், இப்போது டீக்கு நிறுத்திவிட்டார்கள் போலிருக்கிறது, சத்தம் இல்லை. மூக்குக்கு நேர் மேலே, ஒரு சாண் உயரத்தில், பெட்ரோல் குழாய் போகிறது. டாங்கிலிருந்து இன்ஜின் வரைக்கும் கம்பெனியே போட்டுக் கொடுத்த இரும்புக் குழாய், சுண்டுவிரல் பருமன்கூட இல்லை, இத்தனை வருடத்துப் புழுதியும் தாரும் ஒட்டிக் கறுத்துப் போனது. துணியால் துடைத்துவிட்டேன். துடைத்த இடம் மட்டும் மினுங்குகிறது. என் மகள் இந்துஜாவின் கார் இது. ஞாயிற்றுக்கிழமை ரேஸ் டிராக்கில் ஓட்டப் போகிறாள். பிரித்து மாற்றிக் கட்டிய இன்ஜினுக்குப் பெட்ரோல் அதிகம் வேண்டும், அதற்காகப் பெரிய பம்ப் போட்டாயிற்று, முன்னாலும் பின்னாலும் கம்பிவலை பின்னிய ரேஸ் ஹோஸ் வந்தாயிற்று, நடுவில் இந்தப் பழைய குழாய் அப்படியே இருக்கலாம், நல்ல குழாய்தான், அதன் இரண்டு முனையிலும் கனெக்டர் போட்டுப் புது ஹோஸோடு சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. பின் முனையில் வெட்ட வேண்டியதில்லை, கனெக்டரை ஏற்றி அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். முன் முனையில்தான் வெட்ட வேண்டும். அங்கே குழாய் ஒரு வளைவு வளைந்து வருகிறது, வளைவைத் தாண்டி முனைவரைக்கும் நேராக இருப்பது கொஞ்ச தூரம்தான். கனெக்டருக்கு உள்ளே ஒரு சின்ன வளையம் இருக்கிறது, அது நேரான குழாயில்தான் கடித்து உட்காரும், வளைவில் உட்காராது. வளைவை ஒட்டி வெட்டிவிட்டால் குழாயே வீண். வேறு குழாய் சென்னையிலிருந்து வர வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக்குள் வராது. வெட்ட வேண்டிய இடத்தில் மார்க்கரால் ஒரு கறுப்புக் கோடு போட்டேன். பிறகு பார்க்கிறேன், வளைவை ஒட்டி இன்னொரு கோடும் இருக்கிறது. அதையும் நான்தான் போட்டிருக்க வேண்டும். என் பட்டறையில் வேறு யாரும் இல்லை, ஆட்கள் எல்லாரும் அன்னூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்கள்.

இரண்டு கோட்டுக்கும் நடுவே இரண்டு விரல் அகலம் இருக்கும். இந்தக் கோட்டில் வெட்டினால் ஞாயிற்றுக்கிழமை வண்டி ஓடும், அந்தக் கோட்டில் வெட்டினால் ஓடாது. காலையில் என் மனைவி வசந்தாமணி காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, டம்ளரைப் பார்த்துத்தான் சொன்னாள். ஞாயித்துக்கெழம அந்த வண்டி ஓடக் கூடாதுங்க, என்னமோ பண்ணுங்க. என்ன பண்ணுவதென்று கேட்டேன். அது உங்களுக்குத்தான் தெரியும், என்றாள். சாமான் வரவில்லை என்று சொல்லலாம், ஏதோ உடைந்துவிட்டது என்று சொல்லலாம், மகளுக்குத் தெரியவா போகிறது, அப்பா சொன்னால் நம்புவாள். அதுதான், அப்பா சொன்னால் நம்புவாள். காப்பியில் சர்க்கரை போட மறந்திருந்தாள். நான் கேட்கவில்லை, குடித்துவிட்டேன். இப்போதெல்லாம் சர்க்கரை இருக்கிறதா இல்லையா என்பது குடித்து முடித்து வெகுநேரம் கழித்துத்தான் தெரிகிறது. டம்ளரை வைக்கும்போது, பாக்கறேன், என்றேன். அவள் சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் சரி என்று சொல்லிவிட்டதாக எடுத்துக்கொண்டாள், முகத்தில் தெரிந்தது, தோள் இரண்டும் தளர்ந்து கீழே இறங்கின. நான் சொன்னது பாக்கறேன். கஸ்டமர் வந்து இன்னைக்குச் சாயங்காலம் கெடைக்குமா என்று கேட்டால் சொல்கிற பாக்கறேன். அதற்கு அர்த்தம் ஒன்றும் கிடையாது. ஆனால் வாசலில் செருப்புப் போடும்போது பின்னாலேயே வந்து நின்றாள், பல மாதம் கழித்து வாசல்வரைக்கும் வந்து நின்றாள்.

எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கலாம். குடிக்க வேண்டும் என்று இல்லை. இங்கே படுத்திருந்தால் படுத்தே இருக்கிறேன், எழுந்தால் நின்றுகொண்டே இருக்கிறேன். பையன் போனதிலிருந்து இப்படித்தான். கௌசிக். ஆடி மாதம், இப்போது மாசி வந்துவிட்டது. எல்லாரும் அழுதார்கள், எனக்கு அழுகை வரவில்லை, இன்னும் வரவில்லை. சுடுகாட்டில் என் மச்சினன் தோளைப் பிடித்து உலுக்கினான், அழுதிருங்க மாமா, உள்ளாற வெச்சுக்காதீங்க என்றான். உள்ளே ஒன்றும் இல்லை என்று அவனிடம் எப்படிச் சொல்வது. பல் பிடுங்கும்போது ஊசி போடுவார்களே, உதடு தன்னுடையது இல்லாதமாதிரி தொங்கும், அந்த ஊசி இன்னும் தெளியவில்லை. கௌசிக்குக்குக் கார் பிடிக்காது. சின்ன வயதில் இந்தப் பட்டறைக்கு வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நிற்பான், பெட்ரோல் நாற்றத்தில் அவனுக்கு வாந்தி வரும். தங்கச்சிதான் உள்ளே ஓடி வருவாள், கையெல்லாம் கிரீஸ் பண்ணிக்கொண்டு போவாள். பெரியவனாகி பேங்க் வேலைக்குப் போனான், தெருமுனைக்குப் போவதற்கும் ஹெல்மெட் போட்டுக்கொள்வான், சிவப்பு விழுவதற்கு முன்னாலேயே வண்டியை நிறுத்தி, பின்னால் வருகிறவனிடம் திட்டு வாங்குவான். இந்து ஓட்டுவதைப் பார்க்க டிராக்குக்கு வருவான், ஆனால் அவள் வளைவு திரும்பும்போது கண்ணை மூடிக்கொள்வான். முடிஞ்சுதாப்பா, முடிஞ்சுதாப்பா என்று என்னிடம் கேட்பான். அப்படிப்பட்டவன் சாயங்காலம் பேங்கிலிருந்து வரும் வழியில் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டு நின்றிருந்தான். நின்றிருந்தான், அவ்வளவுதான். எங்கேயும் போகவில்லை, எதையும் ஓட்டவில்லை. இறக்கத்தில் வந்த டெம்போவுக்கு பிரேக் பிடிக்கவில்லை. பேக்கரிக்காரர் போனில் சொன்னார், ஸ்பாட்லயே முடிஞ்சுருச்சுங்கண்ணா. அந்த வார்த்தை, ஸ்பாட்லயே. எங்கள் தொழிலில் அது நல்ல வார்த்தை. பிரேக் சரியாக இருந்தால் வண்டி ஸ்பாட்லயே நிற்கும் என்போம்.

அடுத்த நாளைக்கு அடுத்த நாளோ என்னவோ, போலீஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால் அந்த டெம்போவை நிறுத்தியிருந்தார்கள், நான் போய்ப் பார்த்தேன். எதற்குப் போனேன் என்று தெரியவில்லை. முன்பக்கத்தைப் பார்க்கவில்லை, நேரே கீழே குனிந்தேன், மண்ணில் கையை ஊன்றிப் படுத்துப் பார்த்தேன். பின் சக்கரத்துக்குப் போகிற பிரேக் பைப்பில் ஒரு ஜாயின்ட், அதைச் சுற்றி மட்டும் ஈரம், ஈரத்தில் புழுதி அப்பிச் சேறு மாதிரி இருந்தது. ஒரே பார்வையில் தெரிந்தது. பட்டறைக்கு வந்திருந்தால் டீ குடிக்கிற நேரத்தில் சரி பண்ணியிருக்கலாம். டிரைவர் அங்கேதான் ஸ்டேஷன் வாசலில் குத்த வைத்து உட்கார்ந்திருந்தான், என் வயசுதான் இருக்கும், நான் யார் என்று தெரியாமலேயே பேசினான். காலையிலேயே சொட்டு சொட்டா இருந்துச்சுங்க, துணிய வெச்சுத் தொடச்சுட்டு எடுத்தேன், எப்பவும் அப்படித்தான் எடுப்பேன், ஒண்ணும் ஆனதில்லீங்க. அவன்மேல் எனக்குக் கோபம் வர வேண்டும். பார்த்துக்கொண்டே நின்றேன், வரவில்லை. அவன் அழுதான். நான் பாக்கெட்டில் இருந்த வேஸ்ட் துணியை எடுத்து முழங்கையில் ஒட்டிய மண்ணைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டேன். வசந்தாமணியிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான், வண்டி. வண்டி என்று இருக்கிற எல்லாம். இந்து ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தால் போன் பண்ண வேண்டும், கிளம்பினால் பண்ண வேண்டும், சிக்னலில் நின்றால்கூடப் பண்ண வேண்டும். பெண் பதில் சொல்லிச் சொல்லி இப்போது பேச்சே குறைந்துவிட்டது.

சரி, பின் முனையை முதலில் முடித்துவிடுவோம், அதில் வெட்டு இல்லை. காலையில் வந்ததும் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, இன்ஜினை ஓடவிட்டுத் தானாக அணையும்வரை நின்றேன், குழாயில் அழுத்தம் இல்லை. பேட்டரி ஒயரும் கழற்றியாயிற்று. தீயணைப்பு சிலிண்டரைக் கைக்கு எட்டுகிற தூரத்தில் வைத்திருக்கிறேன். இதையெல்லாம் கை செய்துவிடுகிறது, என்னைக் கேட்பதில்லை. பழைய பிளாஸ்டிக் கிளிப்பைப் பிதுக்கி இழுத்தேன், மிச்சமிருந்த பெட்ரோல் முழங்கை வழியாக வழிந்து அக்குளுக்குப் போனது, சில்லென்று இருந்திருக்க வேண்டும், நனைந்திருக்கிறது என்றுதான் தெரிந்தது. குழாய் முனையில் ஒரு சொட்டு ஆயில் தடவி, புதுக் கனெக்டரை ஏற்றி அழுத்தினேன். டிக் என்று ஒரு சத்தம் வர வேண்டும். வந்ததா என்று சந்தேகம். லேத் சத்தம்கூட இல்லை, இவ்வளவு அமைதியில் கேட்டிருக்க வேண்டும். பிடித்து இழுத்துப் பார்த்தேன், வரவில்லை, பூட்டிக்கொண்டுதான் இருக்கிறது, மறுபடி இழுத்தேன், இன்னும் பலமாக. பூட்டியிருக்கிறது. எனக்குத்தான் கேட்கவில்லை. இந்து போன வாரம் இதே இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள், இந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு. அம்மா இவ்வளவு சொல்றாளே, இந்த வருசம் விட்டுட்டு அடுத்த வருசம் ஓட்டலாமே அம்மிணி, என்று கேட்டேன். கேட்டுவிட்டு ஸ்பானரைத் தேடுவதுபோலத் திரும்பிக்கொண்டேன். அவள் சொன்னாள், வீட்ல இருந்தா மூச்சு முட்டுதுங்கப்பா, ஆபீஸ்லயும் அப்படித்தான், எங்க போனாலும் அவன் வந்து நிக்கறான், டீ கிளாஸோட நிக்கறான், அந்த வண்டிக்குள்ள உக்காந்து பெல்ட்டப் போட்டுட்டா மட்டும் வர்றதில்ல, அந்தக் கொஞ்ச நேரந்தான் எனக்கு. சத்தமே இல்லாமல் சொன்னாள். ஸ்பானர் கையிலேயே இருந்தது. நான் சரி என்று தலையாட்டினேன். பெண்ணுக்கு ஒரு சரி, பெண்டாட்டிக்கு ஒரு பாக்கறேன்.

முன்னால் நகர்ந்து வந்துவிட்டேன். டியூப் கட்டரைக் குழாயில் மாட்டித் திருகினேன், சின்னச் சக்கரம் குழாயைத் தொட்டு நிற்கிறது. எந்தக் கோட்டில் மாட்டினேன் என்று பார்க்க வேண்டும். பார்க்காமலேயே ஒரு சுற்றுச் சுற்றினேன். கட்டர் போடுகிற சத்தம் கிறீச் என்று ஒரே மாதிரி போகிறது, ஒரு சுற்று, கொஞ்சம் இறுக்கு, ஒரு சுற்று, கொஞ்சம் இறுக்கு. இப்போதுகூட நிறுத்தலாம். நிறுத்தி என்ன செய்வது. வசந்தாமணி சொல்வதில் தப்பு இல்லை. ஒரு பிள்ளை போய்விட்டான், இருப்பது ஒன்று, அதை எடுத்துக்கொண்டு போய் ரேஸில் விடுவார்களா என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். டீ குடித்துக்கொண்டு நின்றவனுக்கே அப்படியென்றால். ஆனால் டீ குடித்துக்கொண்டு நின்றவனுக்கே அப்படியென்றால் வேறு எங்கேதான் விடுவது, எந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தி வைப்பது. டிராக்கில் எதிரே வண்டி வராது, ஹெல்மெட், பெல்ட், வண்டிக்குள் இரும்புக் கூண்டு எல்லாம் உண்டு, ஆம்புலன்ஸ் வாசலிலேயே நிற்கும். இறக்கத்தில் டெம்போ வராது. இதை வசந்தாமணியிடம் சொன்னால் காதில் ஏறாது, என் காதிலேயே ஏறவில்லை, யாரோ பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதுபோல இருக்கிறது. ஒரு சுற்று, இறுக்கு. குழாய் டப்பென்று விட்டது. துண்டு என் மார்மேல் விழுந்தது. எடுத்துப் பார்த்தேன், வளைவை ஒட்டின கோடு அந்தத் துண்டில் இல்லை, மேலே குழாயிலேயே இருக்கிறது. சரியான இடத்தில்தான் வெட்டியிருக்கிறேன். சந்தோஷம் ஒன்றும் இல்லை, பயமும் இல்லை. கை வழக்கமாக வெட்டுகிற இடத்தில் வெட்டியிருக்கிறது, முப்பது வருடப் பழக்கம். முனையில் பிசிறு எடுத்தேன், நட்டை ஏற்றினேன், வளையத்தை ஏற்றினேன், கனெக்டரைக் கையால் முடுக்கினேன், பிறகு ஸ்பானர். ரேஸ் ஹோஸை மாட்டினேன். ஃபியூஸைப் போட்டு, பேட்டரி ஒயரை மாட்டி, சாவியை ஆன் பண்ணினேன். பம்ப் இரண்டு நொடி முனகிவிட்டு நின்றது. ஸ்டார்ட் பண்ண வேண்டியதில்லை, இதிலேயே குழாயில் அழுத்தம் ஏறிவிடும், ஒழுகினால் தெரிந்துவிடும்.

ஒழுகியது. கீழே படுத்து டிஷ்யூ பேப்பரால் பின் முனையைத் தொட்டேன், காய்ந்திருந்தது. முன் முனையைத் தொட்டேன், பேப்பரில் ஒரு பொட்டு ஈரம். துடைத்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். நட்டுக்கும் குழாய்க்கும் நடுவில் மெல்ல ஒரு சொட்டு ஊறி, தொங்கி, விழலாமா வேண்டாமா என்று நின்றது. முதலில் எனக்குத் தோன்றியது, அப்பாடா. இதுதான் தோன்றியது, மறைக்க ஒன்றும் இல்லை. ஒழுகுகிறது அம்மிணி, குழாய் சரியில்லை, சென்னையிலிருந்து வர வேண்டும், என்று சொல்லிவிடலாம், பொய்கூட இல்லை, வந்து நீயே பாரு என்று காட்டலாம். வசந்தாமணிக்கும் நல்லது. ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு அப்படியே கிடந்தேன். கிடக்கும்போதுதான் இன்னொன்று வந்தது. ஏன் ஒழுகுகிறது. நான் போட்ட ஜாயின்ட் ஒழுகாது. கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தேன். குழாயின் மேல் நீளவாக்கில் ஒரு கீறல், வளையம் உட்கார்ந்த இடத்தில் சரியாக. அங்கே குழாயைப் பிடித்திருந்த பழைய கிளாம்ப்பை ஸ்குரூ டிரைவரால் நெம்பியிருக்கிறேன். நான் ஒருநாளும் ஸ்குரூ டிரைவரால் நெம்ப மாட்டேன், ஆட்கள் நெம்பினால் பிடுங்கி எறிவேன். இன்றைக்கு நெம்பியிருக்கிறேன், எப்போது நெம்பினேன் என்றே ஞாபகம் இல்லை. என் கை எனக்குத் தெரியாமல் வசந்தாமணி சொன்னதைச் செய்திருக்கிறதா. இரண்டாவது கோட்டையும் அதுதானே போட்டது. சரி, கீறியது கீறிவிட்டது. ஆனால் இந்தச் சொட்டு சாவி போட்ட உடனே வராமல், கொஞ்சம் மெதுவாக ஊறுகிற சொட்டாக இருந்திருந்தால், பேப்பர் வைத்துப் பார்த்தபோது காய்ந்திருந்தால், இன்ஜின் சூடாகி, இரண்டாவது ரவுண்டில், அவள் உள்ளே பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும்போது. நான் ஒருக்களித்துத் திரும்பி முழங்காலை மடக்கிக்கொண்டேன். வாயில் பெட்ரோல் கசந்தது, இவ்வளவு நேரமாக இந்த நாற்றத்தில்தான் கிடந்திருக்கிறேன், இப்போதுதான் மூக்குக்கு வருகிறது, நெஞ்சைக் கரிக்கிறது, கௌசிக் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பானே, அப்படித்தான் இருந்திருக்கும் அவனுக்கு.

சிந்தினதைத் துடைத்தேன், கதவை முழுக்கத் திறந்து வைத்தேன், காற்று வர வேண்டும். மறுபடி ஃபியூஸைப் பிடுங்கினேன், மறுபடி பேட்டரி ஒயரைக் கழற்றினேன், மறுபடி மல்லாந்து படுத்தேன். கீறல் முடிகிற இடம்வரைக்கும் வெட்டி எடுக்க வேண்டும். வெட்டினால் வளைவைத் தாண்டி மிஞ்சுவது கொஞ்சமே கொஞ்சம். வளையம் உட்காருகிற அளவுக்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஸ்கேலை வைத்துப் பார்த்தேன், கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தேன், வளையத்தைக் குழாயின் பக்கத்தில் பிடித்து இங்கே ஆரம்பித்தால் இங்கே முடியும் என்று நகத்தால் அழுத்தி வைத்தேன். கட்டரை மாட்டிவிட்டு, சரியான இடத்தில்தான் நிற்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். முதல் தடவை பார்க்கவில்லை. இருக்க வேண்டும், இடம் இருக்க வேண்டும் என்று வாய்விட்டே சொன்னேன் போல, பக்கத்து லேத்துக்காரர் வாசலில் நின்று, ஏனுங்கண்ணா கூப்டீங்களா என்று கேட்டார். இல்லையென்றேன். ஒரு சுற்று, கொஞ்சமாக இறுக்கு, அவசரப்படாதே. முப்பது வருடத்தில் ஒரு குழாய் வெட்டுவதற்கு இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை. துண்டு விழுந்தது. உள்பிசிறு எடுத்தேன், வெளிப்பிசிறு எடுத்தேன், விரலை விட்டுத் தடவினேன், நுனிவிரலில் இரும்பு ஜில்லென்று பட்டது. உள்ளே தூள் இருக்கக் கூடாது என்று ஊதித் துடைத்தேன். வளையத்தை ஏற்றினேன். வளைவு தொடங்குவதற்குச் சற்று முன்னால் போய் நின்றது. நூல் இடைவெளிதான், ஆனால் நேரான குழாயில்தான் நிற்கிறது. நட்டைக் கையால் முடுக்கி, ஸ்பானரால் மெல்ல, கடிக்கிற இடம் வரும்வரை, வந்ததும் இன்னும் கொஞ்சம். ஹோஸ், ஃபியூஸ், ஒயர், சாவி. பம்ப் முனகல். படுத்துப் பேப்பரை வைத்தேன், காய்ந்திருந்தது. மறுபடி சாவி. மறுபடி பேப்பர். காய்ந்திருந்தது. ஏறி இறங்கி ஏறி இறங்கி முட்டி வலித்தது, வலிப்பது தெரிந்தது.

கடைசித் தடவை கீழே கிடக்கும்போது வாசலில் ஆட்டோ நின்ற சத்தம். வண்டிக்கும் தரைக்கும் நடுவே தெரிகிற வெளிச்சத்தில் வசந்தாமணியின் கால்கள் வந்து நின்றன, பக்கத்தில் சாப்பாட்டுக் கேரியரை வைத்தாள். ஆடிக்குப் பிறகு அவள் பட்டறைக்கு வந்ததே இல்லை. நான் வெளியே நகர்ந்து வந்து எழுந்தேன். அவள் வண்டியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். இந்துவையும் இங்கேயே சாப்பிட வரச் சொல்லியிருப்பதாகச் சொன்னாள், சொல்வதை மூணு பேரும் இருக்கும்போதே சொல்லிவிட்டால் நல்லது, பின்னால் வீட்டில் சண்டை வேண்டாம் என்று நினைத்தாளாம். என்னன்னு சொல்லப் போறீங்க அவகிட்ட, என்று கேட்டாள்.

"வண்டி ரெடியாயிருச்சு" என்றேன்.

அவள் முகம் மாறவில்லை. கேரியரை ஓரமாக நகர்த்தி வைத்தாள். பிறகு, "பாக்கறேன்னு சொன்னீங்க" என்றாள்.

"பாத்தேன். ஒரு எடத்துல ஒழுகுச்சு. வெட்டி மறுபடி போட்டேன்."

"ஒழுகுதுன்னே விட்ருக்கலாமில்லீங்க."

"விட்ருக்கலாம்" என்றேன். அப்புறம் சொல்லிவிட்டேன், இந்து இந்த இடத்தில் நின்று சொன்னதை, எங்கே போனாலும் அவன் டீ கிளாஸோடு வந்து நிற்கிறான், இந்த வண்டிக்குள் மட்டும்தான் வருவதில்லை என்று சொன்னதை, அவள் சொன்ன வார்த்தையிலேயே சொன்னேன். வசந்தாமணி கேட்டுக்கொண்டே போய் வண்டியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. கத்துவாள் என்று நினைத்தேன், அதுவும் இல்லை. எந்த எடத்துல ஒழுகுச்சு, என்றாள். கீழே, முன்பக்கம், என்று கை காட்டினேன். சேலையைச் சொருகிக்கொண்டு குனிந்தாள். வேண்டாம், அழுக்கு, எண்ணெய், என்றேன், காதில் வாங்கவில்லை, நான் படுக்கிற பலகையில் மெல்ல உட்கார்ந்து, சாய்ந்து, உள்ளே நகர்ந்து போனாள். இத்தனை வருடத்தில் அவள் ஒரு வண்டிக்கு அடியில் போய் நான் பார்த்ததில்லை. பாதமும் கொலுசும் மட்டும் வெளியே தெரிந்தன. நான் குத்த வைத்து, டார்ச்சை அடித்து, இதோ இந்த நட்டு, இதற்கும் குழாய்க்கும் நடுவில், என்று காட்டினேன். டிஷ்யூ பேப்பரைக் கொடுத்தேன், எப்படித் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். அவள் பேப்பரால் தொட்டாள், பேப்பரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், பிறகு பேப்பரைப் போட்டுவிட்டு விரலாலேயே தடவினாள், விரலை மோந்து பார்த்தாள்.

"ஈரமில்ல" என்றாள். அங்கேயே படுத்தபடி, குழாயைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், "அவளுக்காவது அப்படி ஒரு எடம் இருக்குதுங்க. எனக்கு இல்லீங்களே."

எனக்கும் இல்லை என்று சொல்ல வந்தேன். அவள் காலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன். லேத்தில் மறுபடி மிஷின் ஓட ஆரம்பித்திருந்தது. அவள் வெளியே வரவில்லை, நான் கூப்பிடவும் இல்லை. வாசலில் இந்துவின் ஸ்கூட்டர் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தவள், என்னைப் பார்த்தாள், கேரியரைப் பார்த்தாள், வண்டிக்கு அடியிலிருந்து நீண்டிருந்த கால்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். அம்மா, என்றாள், எனக்கு மட்டும் கேட்கிறமாதிரி. நான் தலையை ஆட்டினேன்.

அடியிலிருந்து வசந்தாமணியின் குரல் வந்தது. "இந்துவாங்க? அவள சாவியப் போடச் சொல்லுங்க."

இந்து ஹெல்மெட்டைக் கீழே வைக்கவும் மறந்து, கதவைத் திறந்து உட்கார்ந்து, சாவியைத் திருப்பினாள். பம்ப் முனகியது, நின்றது. நாங்கள் இரண்டு பேரும் காத்திருந்தோம். கீழே பேப்பர் கசங்குகிற சத்தம், பிறகு ஒன்றும் இல்லை.

"இன்னொருக்கா" என்றாள் வசந்தாமணி.